பதினான்கு நொடிப் பச்சை

எங்கள் அத்தை என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களிடம், "ஆள் கடத்துறாங்க" என்று சொல்வது என் வழக்கம். கேட்டவர் முகம் மாறியதும், "இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம்" என்று சேர்த்துக்கொள்வேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கண் ஆஸ்பத்திரி, எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம், நடுவே ஆறு வரிசையில் வண்டிகள் சீறிவரும் ஒருவழிச் சாலை. அங்கே ஆரஞ்சு மேல்சட்டை போட்டு, 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து ஆட்களைக் கரை சேர்ப்பவள்தான் என் அப்பாவின் அக்கா.

அதற்கு முன்னால் செருப்புக் கம்பெனியில் பதினோரு வருடம் அடி ஒட்டினாள். கம்பெனி மூடியதும் கிடைத்தது இந்த வேலை. சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "நடு ரோட்ல நிக்கிற வேலையா, அண்ணி?" என்று என் அம்மாவே கேட்டாள்.

"ஓரத்துல நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு இது மேல்" என்றாள் அத்தை.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. விசில் ஊதமாட்டாள். பலகையை நீட்டிவிட்டு முன்வரிசைச் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஆறு வரிசையும் அசையாமல் நின்ற பிறகே, "ம், வாங்க" என்பாள். ஓட்டுநர் போகச் சொல்லிக் கைகாட்டினாலும் மதிக்கமாட்டாள். "கை பொய் சொல்லும். சக்கரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது." கடைசி ஆள் நடைபாதையில் ஏறும்வரை பலகை இறங்காது, விளக்கு மாறினாலும் சரி, ஹாரன் கதறினாலும் சரி. ஒருமுறை பெரிய கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, ரோடு உங்க அப்பன் வீட்டுதா?" என்றார்.

"ஆமா சார், உங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். கொஞ்சம் நில்லுங்க."

ஒன்பது வருடத்தில் அவள் நேரத்தில் ஒருவர்மீதும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அவள் நேரம் மாலை ஐந்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு மட்டும்தான் துணை. அது பதினான்கு நொடி எரியும். எனக்கு அது தாராளம். ஒரு கண்ணில் கட்டோடு, மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்து, தரை எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தடவி நடப்பவருக்கு அது பாதிச் சாலைதான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், ஐந்தே முக்காலுக்கு, கண்கட்டோடு கடந்த வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவரை வேன் இடித்தது. இடுப்பெலும்பு முறிந்தது. காலையில் அவரை ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுவந்து விட்டதே அத்தைதான். சேதி கேட்ட அன்று அவள் சாப்பிடவில்லை. சுத்தமாக இருந்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நான் வீட்டுக்கு வந்தா போதுமா? அவங்களும் வீட்டுக்குப் போய்ச் சேரணும்ல" என்றாள்.

விளக்கின் நேரத்தைக் கூட்டும்படி சாலை அலுவலகத்துக்கு மனு போட்டாள். எழுதியது நான், பிழைகளும் என்னுடையவை. இரண்டு மாதம் கழித்துப் பொறியாளர் ஒருவர் நோட்டும் ஸ்டாப்வாட்ச்சுமாக வந்து, காலை பத்திலிருந்து நான்கு வரை எண்ணினார். எல்லோரும் பத்திரமாகக் கடந்தார்கள். ஒருவரும் நடுவில் மாட்டவில்லை. 'தற்போதைய நேரம் போதுமானது' என்று கடிதம் வந்தது.

எப்படி மாட்டுவார்கள்? அதிகாரி பார்க்கிறார் என்று அன்றைக்கு அத்தை வழக்கத்தைவிடப் பிரமாதமாக வேலை பார்த்திருந்தாள்! தன் கெட்டிக்காரத்தனத்தாலேயே தன் மனுவைத் தோற்கடித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அஞ்சு மணிக்கு மேல் வந்து எண்ணச் சொல்லலாமே என்றேன். கேட்டுப் பார்த்தாள். அவருக்கும் ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்துவிடுமாம்.

மறுபடியும் மனு. மறுபடியும் அவரே. "ஒருநாள் பலகை பிடிக்காம ஓரமா நின்னு பாருங்களேன்" என்றார்.

"யாரை அடிபட வெச்சு உங்களுக்குக் காட்டணும் சார்? ஆளைச் சொல்லுங்க, கூப்பிடுறேன்."

மனுஷன் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார். அது ஓடவில்லை.

அன்று வீட்டில் நான் பக்கத்து வீட்டுப் பொடிசுகளோடு சிலை விளையாடிக்கொண்டிருந்தேன். 'சிலை' என்று கத்தியதும் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நாளைக்கு ரோட்ல ஆடலாமாடி?" என்றாள். நான் செய்த சேட்டைகளிலேயே பெரியதைவிட இது பெரியது.

மறுநாளும் பொறியாளர் எண்ண வந்தார். பதினொரு மணிக்கு, காத்திருந்தவர்களிடம் அத்தை சொன்னாள்: "எப்பவும் போல நடங்க. ஓடாதீங்க. நான் நில்லுங்கன்னா, இருக்கிற இடத்துல நில்லுங்க. வண்டிய நான் பாத்துக்குறேன்."

"போட்டோ எடுப்பாங்களா?" என்றார் கண்கட்டுப் போட்ட தாத்தா.

"அசையாம நின்னா எடுப்பாங்க."

பச்சை விழுந்தது. ஆறு வரிசைச் சக்கரங்களையும் பார்த்தாள். கூட்டம் இறங்கியது. பதினான்காவது நொடியில் விளக்கு சிவப்பானது.

"நில்லுங்க!"

இறங்கியவர்கள் பதினேழு பேர். எட்டுப் பேர் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டார்கள். ஒன்பது பேர் சாலையில் சிலையாக நின்றார்கள். ஊன்றுகோல்காரர் இரண்டாம் வரிசையில். குழந்தையும் பையுமாக ஒருத்தி நான்காவதில். தாத்தா மூன்றாவதில், போட்டோவுக்காக மீசையை நீவியபடி. வண்டிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே பலகையோடு அத்தை. அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் அலறியது.

"என்னம்மா இது? ஏன் எல்லாரும் நிக்கிறாங்க?" என்று கத்தினார் பொறியாளர்.

"உங்க விளக்கு இவங்களைக் கொண்டுவந்து விட்ட இடம் இதுதான் சார். எண்ணிக்கோங்க. அவசரமில்ல, நான் பிடிச்சிருக்கேன்."

அவர் எண்ணினார். பிறகு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தானே சாலையில் இறங்கி, தாத்தாவின் முழங்கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் நடத்தினார். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் பலகை இறங்கியது.

மூன்று வாரத்தில் பச்சை முப்பது நொடியானது.

முதல் நாள் ஐந்து மணிக்கு அத்தை வீட்டுக்குக் கிளம்பவில்லை. மேல்சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றாள். கண்கட்டோடு ஓர் அம்மாள் தனியாக இறங்கினாள். அத்தையின் கை தானாக உயர்ந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். உதடுகள் எண்ணின. அந்த அம்மாள் எதிர்ப்பக்கம் ஏறி, புடவையைச் சரிசெய்துகொண்டபோதும் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"அஞ்சு நொடி மிச்சம்" என்றாள். பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டாள். நான் கவனிக்காதது போல் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையைப் படித்தேன்.

அடுத்த பச்சைக்கு நாங்களும் இறங்கினோம். பழக்கதோஷத்தில் நான் ஓட்டமெடுத்தேன். அத்தை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி பறக்குற? மெதுவா வா. நேரம் இருக்கு."