வாஷருக்காகத் திரும்பி நடந்த ரீட்டா அக்கா

ரீட்டா அக்கா இறந்துவிட்டார்.

முந்தாநாள் மதியம், வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி வரும் பஸ்ஸில்... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட் அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

நேற்று அடக்கம் முடிந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அக்கா எங்கள் ரிசார்ட்டில் லினன் ரூமைப் பார்த்துக்கொண்டவர். திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் அவர் தையல். நான் ரிசப்ஷன்.

பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்துக்கு ரோமைப் போர்வீரர்களின் உடுப்பு எங்கள் இருவர் பொறுப்பு. நீல பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி, வளைத்து, வெண்கல பெயின்ட் அடித்தால் முன்னும் பின்னும் மூடுகிற மார்க்கவசம்.

முதல் வருஷம் எல்லாவற்றையும் க்ளூ கன் வைத்து ஒட்டினோம். ராத்திரிப் பனியில் பசை விட்டுப்போச்சு... சாட்டையை ஓங்கிய வீரனின் கவசம் மேடையில் டமால் என்று விழுந்தது. சிரிக்கக் கூடாத இடத்தில் சனம் சிரித்தது.

மறுநாள் காலையில் அக்கா என் கவுண்டருக்கே வந்துவிட்டார். "ஏலே டேவிட்டு, இந்தப் பசைய நம்பினா சோலி ஆகாது. இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வேற என்னமாச்சும் பாரு."

அப்படித்தான், ஆணி மாதிரி ரிவெட்டை அடித்து இறுக்குகிற ரிவெட் கன் வாங்க திண்டுக்கல்லுக்குப் போனோம்.

கடைக்காரர் மூன்று வகையை எடுத்து வைத்து, "எதுக்குங்க, தகர ஷெட்டுக்கா?" என்றார்.

"இல்லண்ணே, ரோமாபுரிப் பட்டாளத்துக்கு" என்றார் அக்கா. கடைக்காரர் முழித்த முழியை பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிளையர் மாதிரி இருந்த சின்னது அக்காவின் கைக்கு அமுங்கவில்லை. பேட்டரியில் ஓடுவது வேண்டாம் என்றார்... "மழ வந்தா நம்ம ஊர்ல கரன்ட் எங்க இருக்கு, சார்ஜ் போட?" கடைசியில் இரண்டு கையாலும் அமுக்குகிற நீளக் கைப்பிடிக்காரனை எடுத்தோம்.

அதோடு மல்லுக்கட்டித்தான் தொழில் பிடிபட்டது. இரும்பு ரிவெட் போட்டோம், பிளாஸ்டிக் விரிசல் விட்டது. அலுமினியத்துக்கு மாறினோம். பின்பக்கம் வாஷர் என்கிற சின்ன வட்டத் தகட்டைக் கொடுக்காவிட்டால் ஓட்டை கிழிந்து ரிவெட் கழன்று வந்துவிடும் என்பது இரண்டு கவசத்தைப் பாழாக்கிய பிறகு தெரிந்தது.

ரிவெட்டின் முனை முதுகில் உரசாமல் இருக்க, பழைய கம்பளியை வெட்டி அக்கா உள்ளே வைத்துத் தைப்பார். எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டேன்.

"ஆண்டவர அடிக்கிறவனா நடிச்சாலும் அவனும் நம்ம பிள்ளதானப்பா... முதுகு கீறக் கூடாதுல்ல."

இந்த வருஷம் பாதி வேலையில் ரிவெட் தீர்ந்துபோனது. கீழே வத்தலகுண்டுக்குப் போய் வாங்கிவர வேண்டியது நான்.

முந்தாநாள் ஒரு டூர் குரூப் செக்-இன். மேனேஜர் விடவில்லை. அக்காவுக்கு வீக்லி ஆஃப். "நீங்க போயிட்டு வந்துடுறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன... வெள்ளனே போயிட்டு வெரசா வந்துர்றேன்."

பதினொரு மணிவாக்கில் போன் செய்தேன். ரிவெட் வாங்கிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"வாஷர் வாங்கிட்டீங்களாக்கா?"

"அடடா... மறந்தே போச்சேப்பா."

விடுங்கக்கா, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். பழைய பெல்ட்டை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தாலும் ஒரு ராத்திரி தாங்கியிருக்கும்.

"அது இல்லாம ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன்.

இறங்கிவிட்டார். அந்த வெயிலில் கடைத்தெரு வரைக்கும் திரும்பி நடந்திருக்கிறார்.

மறுபடி அவரே கூப்பிட்டார். "வாங்கிட்டேன்டா... என்னமோ மூச்சு வாங்குது."

"கீழ வெயில்ல அப்படித்தான்க்கா இருக்கும். ஒரு மோர் குடிச்சிட்டு ஏறுங்க."

எதிரே ஒரு கெஸ்ட் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டு நின்றுகொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

இருதயத்தில் ஏற்கெனவே அடைப்பு இருந்ததாம். எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். மனசு கேட்கவில்லை.

இன்று காலை அக்காவின் வீட்டுக்காரர் சூசை அண்ணன், பாதி முடிந்த கவசங்கள் கிடந்த லினன் ரூமுக்கு வந்தார். அக்காவின் பையை மேஜைமேல் வைத்தார். ரிவெட் பாக்கெட்டும் வாஷர் பொட்டலமும் அப்படியே இருந்தன.

"அண்ணே, நான்தான் திரும்ப..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ப்பா. கடையில நின்னுக்கிட்டு எனக்குப் போன் போட்டுச்சு. வாஷர மறந்துட்டேன், நல்லவேள டேவிட்டு ஞாபகப்படுத்தினான்னுச்சு."

நல்லவேளை என்றாராம்.

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்துப் போய் நின்றவன் நான். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இன்னும் எத்தன கெடக்கு?" என்று கவசங்களைப் பார்த்தார். இருவரும் உட்கார்ந்து முடித்தோம். சாயங்காலம் ஆகிவிட்டது.

நாடகத்தை நிறுத்த வேண்டாம் என்று அண்ணனே ஃபாதரிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நடக்கும். அக்காவைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

அக்கா... உங்களை நான் போகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆண்டவரிடத்தில் இளைப்பாறுங்கள்.