சாயப் பொட்டலத்தோடு கொடுத்த கடதாசி

மட்டக்களப்புக்கு ரயில் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. காத்தான்குடியில் நூலும் சீமைச் சாயமும் விற்ற கடையொன்றில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே நெசவுகாரி ஆசியா உம்மா ஈர நூலை, ஊரார் அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் முதலாளியின் மேசையில் போட்டார். ஒரே சிவப்பாக இருக்கவேண்டியது, திட்டுத் திட்டாக இருந்தது.

"பாருங்க காக்கா, சொறி புடிச்ச மாதிரி இரிக்கி. வெள்ளிக்கெழம கலியாணத்துக்கு மாப்பிள்ள உடுக்கச் சாரம் குடுக்கணும். இத தறியில நெஞ்சு குடுத்தா மறுகா ஆரு எனக்கு வேல தருவாங்க?"

சாயத்தோடு ஒரு செய்முறைக் கடதாசி கொடுப்போம். இலக்கணம் கற்ற முதலாளியே எழுதியது. 'உவர்ப்பற்ற நன்னீரிற் சாயத்தைக் கரைத்து, நூல் தோய்ந்த பின்னர் உப்பினைச் சேர்த்தல் வேண்டும்.' அதில் பிழை ஒன்றுமில்லை.

"கடதாசிய வாசிக்கல்லியா ராத்தா?" என்றார் முதலாளி.

"ஊட்டுக்காரர் வாசிச்சார். பள்ளியில ஓதுற அரபுக் குத்பா மாதிரி அழகா இரிந்திச்சி. வெளங்கத்தான் இல்ல."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி கோபிக்கவில்லை. "நீங்க எப்பிடிச் செஞ்சீங்க? இரிந்து சொல்லுங்க" என்று பேனையை எடுத்தார்.

வாவிக்கரைக் கிணற்றில் தண்ணீர் அள்ளினாராம். தறிக்கு அதுதான் பக்கம்.

"அந்தத் தண்ணியில தேத்தண்ணி வெச்சுக் குடிப்பீங்களா?"

"சீ! வாயில வெக்க ஏலுமா? உப்பு!"

தண்ணீரிலேயே உப்பு இருந்ததால் சாயம் சீராகப் பரவுமுன் பட்ட இடத்திலேயே பிடித்துவிட்டது. முதலாளி பழைய கடதாசிக் கட்டைச் சாமான் சுற்ற ஒதுக்கிவிட்டு, புதிதாக எழுதினார்: 'தேத்தண்ணி வைக்கிற தண்ணீர் எடுங்கள். அதில் சாயத்தைக் கரைத்து நூலைப் போடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். நூல் முழுவதும் நிறம் பிடித்தபின் போடுங்கள்.'

அதை உடனே அச்சுக்கு அனுப்பவில்லை. ஆசியா உம்மாவுக்குப் புது நூலும் சாயமும் கொடுத்து, என்னையும் கூட அனுப்பினார்.

"தம்பி, ஒண்டும் சொல்லிக் குடுக்காதீங்க. அவங்க எங்க முழிக்காங்களோ, அங்க என்ட எழுத்து சரியில்ல. அத எழுதிட்டு வாங்க."

கணவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, ஆசியா உம்மா செய்தார். நூலைக் கையில் எடுத்ததும் நின்றார். "காஞ்ச நூலப் போடுறதா, நனைச்சுப் போடுறதா?"

கடைக்கு ஓடிவந்து சொன்னேன். முதலாளி முகம் மலர்ந்தது. 'நூலை முதலில் நனைத்துப் பிழியுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகே அச்சுக்குக் கொடுத்தார்.

சிவப்பு சீராகப் பிடித்தது. சாரம் வெள்ளிக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று.

பின்னாளில் பத்திரிகை வேலையில் நன்றாக எழுதுவோர் பலரோடு இருந்தேன். தாம் எழுதியதை வாசிப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துவர ஆள் அனுப்பியவர், நான் அறிய, அந்தச் சாயக்கடைக்காரர் ஒருவரே.