மவுண்ட்டுக்குக் கீழே இருந்த கை

திருவொற்றியூரில் ஒரு மளிகை மொத்தக் கடையின் படியிறங்கி, கடலோரச் சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். போன வருடம் சித்திரை மாதம். காலை வெயிலே சுட்டது. தோளில் ஒரு கோணிப்பை, அதற்குள் அரை மூட்டை அரிசி கனத்துக்கு ஓர் இரும்புச் சாமான். இன்னொரு கையில் அதன் முக்காலி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொரு லாரியின் நிழலிலும் நின்று, தோளை மாற்றிக்கொண்டு நடந்தேன். என் பைக்கை விற்ற காசு முழுவதும் அந்தக் கோணிப்பைக்குள் போய்விட்டதால் ஆட்டோ பிடிக்க வழியில்லை.

கோணிப்பையில் இருந்தது நட்சத்திரங்களைப் படமெடுக்க உதவும் மவுண்ட். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். கேமராவைச் சும்மா நிற்க வைத்து நெடுநேரம் படமெடுத்தால் புள்ளியெல்லாம் கோடாகிவிடும். மவுண்ட் கேமராவையும் டெலஸ்கோப்பையும் சுமந்துகொண்டு, வானம் நகரும் வேகத்திலேயே மெல்லத் திரும்பும். அதற்கு அதன் அச்சு வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கடைசியாக ஜவ்வாது மலையில், கூடாரம் போட்டு நகரத்து ஆட்களுக்கு வானம் காட்டும் ஒருவரிடம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பழைய கேமரா இருந்தது. அங்கே படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போனார், தன் மவுண்ட்டையும் எடுத்துக்கொண்டு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்ம டெலஸ்கோப்பைத் தாங்குற மாதிரி ஒரு மவுண்ட்டோட இந்த அமாவாசைக்கு வந்தா படம் எடுக்குற வேலை உனக்கு. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார். பாத்திரம் கழுவுகிறவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இரண்டாவது முறை வராது என்று எனக்குத் தெரியும்.

சென்னைக்கு வந்து, கல்மண்டபத்தில் ஐஸ் ஏற்றும் தோஸ்து ஒருவனின் அறையில் தங்கி, விற்பனைக்கு வந்த பழைய மவுண்ட்டுகளை எல்லாம் போனிலேயே தேடினேன். எது எவ்வளவு எடை தாங்கும், பல்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, மோட்டார் சத்தத்தை எப்படிக் கேட்பது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். சின்ன மவுண்ட்டுகள் என் காசுக்குள் வந்தன. ஆனால் அவை கேமராவை மட்டும்தான் தாங்கும். கனமானது ஒன்றே ஒன்றுதான் என் கைக்கு எட்டியது. அது திருவொற்றியூர் மளிகைக் கடை அண்ணாச்சியுடையது. மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

அண்ணாச்சி ஒன்றையும் மறைக்கவில்லை. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் அதைத் துடைத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, பின்னால குறை சொல்லப்படாது. இது நம்மூருக்குத் தாழ மாட்டேங்கு. மொட்ட மாடியில அடியில செங்கலக் கிங்கல வச்சுத்தான் ரெண்டு தடவ பாத்தேன்."

"கிரீஸ் காஞ்சிருக்கும் அண்ணாச்சி. பிரிச்சுப் போட்டா சரியாயிரும்."

"அப்படியா? நீங்க விவரமான ஆளு. எனக்கு வெல்லமும் புளியுந்தான் தெரியும், பாத்துக்கிடுங்க."

மோட்டார் ஓடியது. பல்சக்கரத்தில் ஆட்டம் இல்லை. கோணிப்பையும் அவர் கொடுத்ததுதான்.

மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து மவுண்ட்டை வெளியே எடுத்தேன். அச்சைச் சாய்க்கும் திருகைத் திருகினேன். இருபத்தைந்து டிகிரி என்று போட்டிருந்த கோட்டில் வந்து நின்றுவிட்டது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், தொங்கிப் பார்த்தேன். பிறகுதான் அதன் பக்கவாட்டில் இருந்த அளவுக் கோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். இருபத்தைந்துக்குக் கீழே கோடே இல்லை.

நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பதின்மூன்று டிகிரி உயரத்தில்தான் இருக்கும், மலையிலும் அதே கதைதான். அச்சும் அந்த அளவுக்குத் தாழ்ந்தால்தான் அதைப் பார்த்து நிற்கும். கையை நீட்டி முஷ்டியை வைத்தால் அதற்குச் சற்று மேலே. அந்த டீக்கடையிலிருந்து வடக்கே பார்த்தால் அந்த உயரத்தில் எண்ணூர்ப் பக்கத்துப் புகைதான் தெரிந்தது. நான் பார்த்த வீடியோக்களை எல்லாம் குளிர் தேசத்துக்காரர்கள் எடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். எவ்வளவு தாழும் என்று அவர்கள் யாரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி மட்டும்தான் சொன்னார். அவரிடம் நான் கிரீஸைப் பற்றிப் பேசினேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் வெகுநேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை முழுக்க டீசல் கறை.

"இன்னாபா அது, பம்பு செட்டா? போட்டு அந்த அடி அடிக்கிற?"

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, சாய்வு மட்டும்தானே வேண்டும் என்றார். "போட்டுல இஞ்சின் நேரா ஒக்காருமா? பின்னால சரிஞ்சிகினு தான் கீது. சாய்வா கட்டை வெட்டி அடியில குடுப்போம். ஒனக்கும் ஒண்ணு வெட்டிக்கினா முடிஞ்சிச்சி. வா, சோத்து நேரம்தான்."

அவர் விசைப்படகுகளுக்கு இஞ்சின் வேலை செய்யும் ஃபிட்டர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால் படகுகள் எல்லாம் கரையேறி நின்றன. அடியில் ஆட்கள் சுரண்டிக்கொண்டும் வெல்டிங் வைத்துக்கொண்டும் இருந்தார்கள். என் கோணிப்பையில் இருப்பது நட்சத்திரம் பார்க்கிற மிஷின் என்று கேட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"மேல நெலம் வாங்கப் போறியா மாமு? எனக்கும் ஒரு கிரவுண்டு பாத்து வையி."

"இந்தப் பொகையில பக்கத்து வூட்டு மாடியே தெர்ல. இவுரு நச்சத்திரத்த பாக்கப் போறாரு."

ஃபிட்டர் யாரையும் கண்டுகொள்ளவில்லை. தூக்குச்சட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டு, ஒரு கட்டையைச் சாய்வாக அறுத்து, துளை போட்டு, முக்காலியின் தலைக்கும் மவுண்ட்டுக்கும் நடுவில் வைத்து முடுக்கினார். அச்சு தாழ்ந்தது. போனை வைத்துப் பார்த்தேன், பதின்மூன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தேன்.

ஆனால் அச்சைச் சுற்றிப் பார்த்தபோது, டெலஸ்கோப்பின் கனத்துக்குச் சமமாக எதிர்ப்பக்கம் எடைக் குண்டு தொங்கும் கம்பி முக்காலியின் காலில் இடித்தது. அச்சு அவ்வளவு தாழ்ந்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. "தூக்கி வெச்சா இடிக்காது" என்று சொல்லி, கழித்துப் போட்டிருந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்து, நடுவில் ஏற்றினார். இப்போது என் மவுண்ட் மார்பு உயரத்துக்கு, வடக்கே பார்த்துக் குனிந்தபடி நின்றது. டெலஸ்கோப்புக்குப் பதிலாக ஒரு பழைய பல்சக்கரத்தைக் கட்டினோம். எதிர்ப்பக்கம் எடைக் குண்டுகளை மாட்டினேன். அவர் கீழே உட்கார்ந்து கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் அச்சைச் சுற்றினேன்.

முக்காலியின் ஒரு கால் எண்ணெய் படிந்த பலகைமேல் இருந்தது. அது வழுக்கியது. மொத்தமும் வடக்கே சாய்ந்தது. நான் பின்னால் குதித்தேன். அவர் கையை நீட்டினார்.

மவுண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. குழாய்க்கும் தரையில் கிடந்த கருங்கல்லுக்கும் நடுவில் அவருடைய வலது கை இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டார்கள். ஒன்று பழையபடி மடங்காது என்று டாக்டர் சொன்னார். "ஏண்ணே கைய வச்சீங்க?" என்று கேட்டேன். "வண்டி வித்து வாங்கினேன்னு சொன்னியே, வுட்டா ஒடஞ்சிரும்ல" என்றார். யார் தப்பு என்று அங்கே யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் மனைவி மீன் கூடையோடு நேராக வந்தாள். கட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் நைனா, ஆகாசத்த பாக்குற மிஷினுக்கு என் வூட்டுக்காரு கைதான் கெடச்சிதா? தடைக்காலம்தான் இஞ்சின் வேலைக்கு சீசனு. இப்ப ஒக்காந்துக்கினா அந்த எடத்துல வேற ஆள போட்டுருவானுங்க. அப்பறம் வருசம் பூரா எவன் கூப்புடுவான்?"

"இன்னாமே, கத்தாதே. வுடு" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மலையிலிருந்து முதலாளியின் போன் வந்தது.

"மவுண்ட் கெடச்சிதா?"

"கெடச்சிது சார்."

"தாங்குமா?"

"தாங்கும்."

"அப்ப நாளைக்கு மொத பஸ்ஸப் புடி. ஆளுங்க நாளைக்குச் சாயங்காலமே வந்துருவாங்க."

அந்த நேரத்தில் நான் நினைத்ததை எழுதத்தான் வேண்டும். மவுண்ட் நன்றாக இருக்கிறது, கட்டையும் குழாயும் தயார், பஸ்ஸுக்குத் தோஸ்திடம் கேட்டால் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். கிளம்பிப் போவது எனக்குப் பழக்கமான விஷயம். எத்தனையோ ஊர்களிலிருந்து சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். உள்ளே அந்த அம்மா டாக்டரிடம், வேலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது.

"நாளைக்கு முடியாது சார்" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. சரி என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை படகுத் துறைக்குப் போனேன். ஃபிட்டர் எனக்கு முன்பே வந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்திருந்தார். துறையில் வேலைக்கு ஆள் போடும் மேஸ்திரி அவரிடம் தலையைச் சொறிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல செய்தியாகத் தெரியவில்லை.

"அண்ணனுக்குக் கையாளா நான் நிக்கிறேன்" என்றேன். "அவர் சொல்லட்டும், நான் செய்யறேன். கூலி அவர் பேருலயே இருக்கட்டும்."

"ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார் மேஸ்திரி.

"ஸ்பானர் புடிக்கத் தெரியும். பாத்திரம் கழுவத் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் படகின் பக்கம் தலையை ஆட்டி, "சட்டைய கழட்டி வெச்சிட்டு உள்ள எறங்கு. டீசல் கறை போவாது" என்றார்.

மூலையில், தார்ப்பாயின் கீழ், என் மவுண்ட் அந்தக் கட்டையோடும் குழாயோடும் அப்படியே நின்றது. அதைத் தாண்டிப் போய், படகின் அடிவயிற்றில் மல்லாந்து படுத்தேன். முகத்துக்கு ஒரு சாண் மேலே இஞ்சின். அதன் அடியில் சாய்வாக வெட்டிய கட்டைகள். "மொதல்ல பின்னால போல்ட்டு. மெதுவா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அந்தத் தடைக்காலம் முடிகிறவரை அதுதான் என் வேலை.

இப்போதும் ஒரு பொருளை வாங்கப் போனால், அது எவ்வளவு தாங்கும் என்று கேட்க வாய் திறப்பதற்குள், அதன் கீழே யாருடைய கையாவது இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுகிறேன்.