மாப்பிள்ளைக் குதிரையில் ராஜா

யானை கட்டி வாழ்ந்த வம்சம் என்று சொல்லிக்கொண்டாலும், ஆம்பூர்ப் பக்கத்து எங்கள் ஊர் ராஜாவுக்கு வருடத்தில் ஒரு நாள் ஒரு குதிரை கிடைத்தால் போதும். விஜயதசமியன்று அரண்மனையிலிருந்து குதிரையேறிப் போய், கோயில் திடலில் நட்ட வாழைமரத்தின் மேல் அம்பு விடவேண்டும். ஏறியவரின் கால் அதுவரை தரையில் படக்கூடாது. பட்டால் அந்த உரிமை பங்காளிகளுக்குப் போய்விடும். அவர்களும் அதற்காகவே வருடா வருடம் திடலில் முதல் வரிசையில் வந்து நிற்பார்கள்.

அரண்மனைக் குதிரை செத்துப்போன வருடம், தோல் பதனிடும் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்த என் மாமா முன்வந்தார். அரண்மனைச் சேணம் கிழிந்தால் தைத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"குதிரதான, நா பாத்துக்கறேன்."

வேலூருக்குப் போய், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரையை அதை வளர்க்கும் குதிரைக்கார பாயோடும், பேண்டு செட்டோடும் கூட்டி வந்தார். மாமா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார், வம்பு உட்பட.

பேண்டு முழங்கியதும் குதிரை ஆடியது. தலைப்பாகை சாயாமல் ராஜா உட்கார்ந்திருந்தார். அரண்மனைக்கு எதிரே கல்யாண மண்டபம். குதிரை நேராக அதன் வாசலில் போய் நின்றுவிட்டது. இழுத்தார்கள், தட்டினார்கள், கொள்ளு காட்டினார்கள். அசையவில்லை.

"இன்னா பாய் இது?" என்றார் மாமா.

"மாப்ளைக்கு ஆரத்தி எடுத்தாதான் நகரும். அப்டியே பழகிடுச்சு."

ஊரே சிரித்தது. வழக்கமாக ஆரத்தி எடுக்கும் ராஜாவின் அக்கா திடலில் காத்திருந்தார். அரண்மனைப் பெண்களில் மிச்சமிருந்தது, மாடி ஜன்னலில் நின்றிருந்த ராணியம்மா மட்டும்தான். வேலூரில் நர்ஸாக இருந்தவர். மாமாவின் கை மெஷினில் சிக்கியபோது பார்த்துக்கொண்டவர். ராஜாவை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர் என்பதால், திருவிழாவில் ஒரு பூவைக்கூடச் சொந்தக்காரர்கள் அவரைத் தொட விட்டதில்லை. ராஜா அண்ணாந்து பார்த்தார்.

"நீ வாம்மா. தட்ட எடுத்துகினு வா."

வந்தார். சுண்ணாம்பு சேர்க்க மறந்ததில் ஆரத்தித் தண்ணீர் சிவக்கவே இல்லை. மஞ்சளாகவே சுற்றினார். ராஜாவின் நெற்றி எட்டாததால் குதிரையின் நெற்றியில் பொட்டு வைத்தார். குதிரை ஒருமுறை தலையாட்டிவிட்டு, பாய் திருப்பிய பக்கம் நடந்தது.

அம்பு வாழைமரத்தில் பாய்ந்தது. பங்காளிகளின் முகம் கடுகடுத்தது.

திரும்பும்போது கேட்டேன்: "அது இப்டி நிக்கும்னு உனக்குத் தெரியாதா மாமா?"

"தெரியாமயா கூட்டினு வந்தேன்?"

ராஜாவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இந்த மனிதர் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. அடுத்த வருடம் ராஜாவே ஆளனுப்பி அதே குதிரைதான் வேண்டும் என்று கேட்டார். அதுவும் புரியவில்லை.