மரவள்ளிக் கொல்லையில் ஒரு கம்பெனி

எட்டாவதோடு பள்ளியை விட்டு, வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் போனவன் நான். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டிச் சேர்த்த கூலியை, செல்போன் குழு ஒன்றில் சொன்னதைக் கேட்டு, ஒரு கம்பெனியின் மூன்று ரூபாய்ப் பங்கில் போட்டேன். அந்தக் கம்பெனி கல்வராயன் மலையடியில் ஜவ்வரிசி ஆலை கட்டுகிறதாம். விலை தினமும் ஏறி ஒன்பதைத் தொட்டது. வாங்கத்தான் கூட்டம், விற்பவர் இல்லை. அப்படி என்னதான் கட்டுகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் பஸ் ஏறினேன்.

குழுவில் சொன்ன இடத்தில் மரவள்ளிதான் நின்றது. களை வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஆலை எங்கே என்று கேட்டேன்.

"ஆலையா? இன்னா தம்பி, வெயில்ல வந்தியா? போன மாசம் ஒருத்தரு கார்ல வந்து எங்க கொல்லைய போட்டோ புடிச்சிக்கினு போனாரு. அதோட சரி, ஒரு செங்கல்லு வரல."

அந்தப் போட்டோவைத்தான் குழுவில் போட்டிருந்தார்கள்.

"என் கூலிக்காசு மொத்தமும் அதுல கெடக்குதுக்கா. இப்பவே வித்துட்டா தப்பிச்சிருவேன்."

"இல்லாத ஆலைய எவன் வாங்குவான்?" என்று சிரித்தார்.

"இங்க வந்து பாக்காதவன்" என்றேன்.

வரப்பில் நின்றபடியே செல்போனில் விற்றேன். அழுத்திய உடனே போய்விட்டது. அடுத்த வாரம் விலை விழுந்தபோது வாங்க ஒருவரும் இல்லை.

பணம் தப்பியதில் சந்தோஷம்தான். ஆனால் என்னிடம் ஒன்பது ரூபாய்க்கு வாங்கியவர் யாரென்று அடிக்கடி யோசிப்பேன். அவரைப் பொறுத்தவரை, காரில் வந்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?