முதல் பாகத்தில் இல்லாத காட்சி

வாடிய வேப்பிலைக்கு ஒரு தனி வாசனை உண்டு. பச்சையின் கசப்பு அடங்கி, லேசான இனிப்பும் புழுக்கமும் கலந்து, வெளுத்த வேட்டியின் கஞ்சி மணத்தோடு சேர்ந்து மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஒரு சினிமாதான் ஞாபகத்துக்கு வருகிறது. வேப்பிலைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதுவரை நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது, ஏனென்றால் போன மாதம் அந்தப் படத்தின் மூன்றாம் பாகம் வெளிவந்தது, வந்த நாளிலிருந்து என் போன் நிறைய "மொத பாகம் மாதிரி வருமா" என்ற பழைய சண்டை புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் பாகம் வந்தபோது நாங்கள் எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்கு ஒன்பது வயது, அக்கா வளர்மதிக்குப் பதினைந்து. 'கவச வீரன்' என்று பெயர் வைத்துத் தமிழில் பேச வைத்திருந்த வெளிநாட்டுப் படம் அது. நீலக் கவசம் அணிந்த ஒருவன் உயரமான கட்டடங்களுக்கு மேல் பறக்கிற போஸ்டர், எங்கள் தெரு முனையில் இருந்த டீக்கடைச் சுவரில் கோடை விடுமுறை தொடங்கிய வாரம் ஒட்டப்பட்டது. நான் காலையும் மாலையும் போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை குளிக்கச் சட்டையைக் கழற்றியபோது என் வயிற்றில் நீர் கோத்த கொப்புளங்கள் இருந்தன. அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா முத்து போட்டிருக்கா" என்றாள்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் துறையூர்ப் பக்கம். அம்மை வந்த வீட்டின் சட்டதிட்டங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது, அடுப்படியில் தாளிக்கிற சத்தம் நின்றது, யாரும் தலை சீவக் கூடாது, வந்தவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை சினிமா என்ற பேச்சே கூடாது, எனக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒருவருக்கும் கூடாது. நீங்கள் மூன்று பேராவது போய்விட்டு வாருங்கள் என்று நான் அழுதுகொண்டே பெருந்தன்மை காட்டியபோது அம்மா பதறிப்போனாள். "வந்த விருந்தாளிய உக்கார வச்சுட்டு வீட்டப் பூட்டிட்டுப் போவமா? ஆத்தா கோச்சுக்கிட்டா அடுத்த ஆளு மேல எறங்குவா" என்றாள். பாலக்கரையில் நடந்த கோடை டியூஷனுக்கு மட்டும் அக்கா போய்வரலாம் என்று அப்பா வாதாடி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

படம் ஓடிய தியேட்டரும் பாலக்கரையில்தான் இருந்தது. நாலாம் நாள் மத்தியானம் அக்கா டியூஷன் முடிந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். அம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து என் பாயருகில் உட்கார்ந்து, குரலை இறக்கி, "பாத்துட்டேன்டா" என்றாள். அம்மாவிடம் மூச்சு விட்டால் மீதிக் கதை கிடையாது என்று நெற்றியில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அன்றைக்கு ஆரம்பித்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் ஒவ்வொரு மத்தியானமும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கவச வீரனின் கதையைச் சொன்னாள். அந்தக் காலத்தில் படம் பார்த்தவர் பார்க்காதவருக்குக் கதை சொல்வது ஒரு கடமை மாதிரி. "கதை சொல்லு" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அக்கா மாதிரி சொன்னவர்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவள் சொன்னபடி, கவச வீரன் முதலில் ஒரு சாதாரணப் பையன். அவனுக்கு ஒருநாள் பெரிய காய்ச்சல் வருகிறது. உடம்பெல்லாம் கொப்புளம். ஊரே அவனைப் பார்க்க வராமல் ஒதுங்கிக்கொள்கிறது. அவன் அசையாமல் படுத்துக் கிடக்கிறான். பிறகு கொப்புளங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து கெட்டியாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, யாராலும் உடைக்க முடியாத கவசமாகிவிடுகின்றன. ஒரே ஒரு ஆபத்து உண்டு. அரிக்கிறது என்று அவன் எங்கே சொறிந்துவிடுகிறானோ அந்த இடத்தில் கவசம் பிடிக்காது, வில்லன் அங்கேதான் குறிவைப்பான். இதைக் கேட்ட பிறகு நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். கதை கேட்பதற்கு முன்னால் சொறிந்த ஒரு இடத்தின் தழும்பு மட்டும் இன்றும் என் நெற்றியோரம் இருக்கிறது. வேறு எங்கும் கிடையாது.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது, அக்கா படுத்துவிட்டாள். எனக்கு வந்ததைவிட அவளுக்குப் பல மடங்கு. கண் இமையிலும் நாக்கிலும்கூட இருந்தது, கஞ்சி விழுங்க முடியாமல் அழுதாள். அம்மா சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து, யார் என்ன தப்புச் செய்தோம் தாயே, தெரிந்தால் சொல் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அக்கா செத்துப்போய்விடுவாள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். காரணம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் வேறு உள்ளே கிடந்து குடைந்தது. பயம்தான் பெரிது, ஆனாலும் பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற அற்பப் பெருமையும் அதில் கலந்திருந்தது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா சினிமாவுக்குப் போயிட்டாம்மா, அதான்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா உள்ளே போய்க் கேட்டாள். நான் நிலைப்படியில் நின்றேன். அக்கா வீங்கிய கண்களைத் திறந்து முதலில் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆமாம்மா, போனேன்" என்றாள்.

உடம்பு தேறியதும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவளைச் சமயபுரத்துக்கு அழைத்துப்போனாள். ஈரப் பாவாடையோடு கோயிலைச் சுற்றி வந்து, கொடிமரத்தருகே விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன் மன்னித்துவிடு ஆத்தா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னாள். பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் இவள் கொட்டகை வாசலை மிதிக்க மாட்டாள் என்று அம்மா அவளுக்காக வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு டிவியில் எப்போது அந்தப் படம் வந்தாலும் எங்கள் வீட்டில் உடனே சேனல் மாறிவிடும். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் தெரியவில்லை. நான்தான் அக்கா வாயால் முழுப் படத்தையும் பார்த்துவிட்டேனே.

ஆனால் அக்கா படுத்திருந்த நாள்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். ஒருமுறை வந்தவர்களுக்கு அம்மை திரும்ப வராது என்பது அம்மாவுக்குத் தெரியும். "ஒனக்குத்தான் வந்துட்டுப் போயிருச்சே, அக்கா பக்கத்துல போய் உக்காந்து பேசிக்கிட்டு இரு" என்று தினமும் சொன்னாள். நான் போகவில்லை. காட்டிக்கொடுத்த முகத்தோடு அவள் முன்னால் உட்கார முடியவில்லை. பம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவேன். கையைக் கட்டிப்போட அவளுக்கு ஒரு கதை சொல்ல ஆள் இல்லை. அக்கா சொறிந்தாள். இரண்டு கன்னங்களிலும் மூக்கு நுனியிலும் பள்ளம் பள்ளமாகத் தழும்புகள் நின்றுவிட்டன.

இரண்டாம் பாகம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அக்கா கல்லூரியில் படித்தாள். வேண்டுதல் கெடு முடிந்து இரண்டு வருடம் ஆகியும் அவள் எந்தப் படத்துக்கும் போயிருக்கவில்லை. நண்பர்களோடு தனியாக அனுப்ப அம்மா மறுத்ததால், நான் கெஞ்சிக் கூத்தாடி அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் வகுப்புத் தோழன் இக்பாலும் வந்தான். முதல் பாகத்தை நாலு முறை பார்த்தவன், வசனம் வசனமாகச் சொல்லுவான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டர், காலைக் காட்சி.

இடைவேளையில் வெளியே வந்தால், தியேட்டரே ஒரு பட்டிமன்றமாகியிருந்தது. படம் பரவாயில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் முதல் பாகத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் பேசினார்கள். பறக்கிற காட்சி அதில் உயிரோடு இருந்தது, இதில் சும்மா சத்தம்தான் என்றார் ஒருவர். அந்த வில்லன் எங்கே, இந்த வில்லன் எங்கே என்றார் இன்னொருவர். தோளில் குழந்தை தூங்கிப்போன ஒரு தகப்பனார், போன படத்தில் நான் கண்ணைச் சிமிட்டவில்லை தெரியுமா என்று முன்பின் தெரியாத என்னிடம் முறையிட்டார். எனக்கும் பெரிய மனிதத் தோரணை வந்துவிட்டது. "என்ன இருந்தாலும் மொத பாகத்துல அந்தக் காய்ச்சல் சீன் மாதிரி வருமா? கொப்புளமெல்லாம் காஞ்சு கவசமாகுமே, அங்கதான் படமே" என்றேன்.

இக்பால் என்னை விநோதமாகப் பார்த்தான். "என்ன காய்ச்சல்? அவன் லேப்ல மெஷினுக்குள்ள விழுந்துதானடா கவசம் வந்துச்சு. இப்பக்கூட ஆரம்பத்துல காட்டுனாங்களே, நீ தூங்கிட்டியா" என்றான். காட்டியதை நானும் பார்த்திருந்தேன். இரண்டாம் பாகத்துக்காகக் கதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மனதுக்குள் அந்தப் படக்காரர்களைத் திட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். விடாமல் சண்டைக்குப் போனேன். சொறிந்த இடத்தில் கவசம் பிடிக்காதே, வில்லன் அங்கே அடிப்பானே என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாட்சிக்கு அக்காவைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், அவள் இரண்டு கையிலும் பப்ஸ் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு ஓடிய படத்தில் ஒரு காட்சிகூட எனக்கு ஞாபகமில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இக்பால் பாலக்கரையில் இறங்கிக்கொண்ட பின், நீ அன்றைக்குப் போகவே இல்லையா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, தியேட்டர் வாசல் வரைக்கும் போனதாகச் சொன்னாள். தம்பி அப்படி அழுகிறானே, பார்த்துவந்து கதையாவது சொல்லலாம் என்று நினைத்தாளாம், ஆனால் அம்மா சொன்னதை நினைத்து உள்ளே போகப் பயமாக இருந்ததாம். "காட்சி விட்டு வர்றவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன்டா. ஒரு பையன் நெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தான், தனக்கும் கவசம் இருக்கற மாதிரி. சரி, இது கவசம் வளர்ற கதைன்னு நானே கட்டிக்கிட்டேன்" என்றாள்.

அப்படியென்றால் அம்மா கேட்டபோது ஏன் ஆமாம் என்றாய் என்று கேட்டேன். சமயபுரத்தில் அவள் ஈரத்தோடு விழுந்து கிடந்தது என் கண்முன் நின்றது. பார்க்காத படத்துக்காக ஒரு பெண் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

"இல்லன்னு சொல்லிருந்தா நீ பொய் சொன்னதா ஆயிருக்கும், அடி விழுந்திருக்கும். கதையும் போயிருக்கும். அது ஒனக்கு எவ்ளோ புடிச்சுதுன்னு எனக்குத் தெரியாதா."

அம்மை எப்படித் தொற்றும் என்பதை அந்த வருடம்தான் அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். கோபித்துக்கொண்டு யாரும் அவள் மேல் இறங்கவில்லை. என் பாயருகில் அத்தனை மத்தியானங்கள் முகத்தோடு முகம் வைத்துக் கதை சொன்னதால் என்னிடமிருந்து அவளுக்கு வந்தது. அவள் கன்னத்துத் தழும்புகளுக்கு நான் இரண்டு வகையில் காரணம்: தொற்ற வைத்தவனும் நான், பக்கத்தில் உட்காராமல் தெருவுக்கு ஓடியவனும் நான். மன்னித்துவிடு என்று அன்றைக்கே பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாலக்கரை தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம். எங்கள் வாடகை வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. இவற்றைவிட எனக்கு விசித்திரமாகத் தெரிவது வேறொன்று. படம் பார்த்தவனிடம் "கதை சொல்லு" என்று யாரும் இப்போது கேட்பதில்லை. "கதையச் சொல்லித் தொலைக்காத" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று ஊர் முழுக்கத் தீர்ப்புச் சொல்கிறது, கதையை மட்டும் ஒருவரும் ஒருவருக்கும் சொல்வதில்லை.

போன மாதம் அக்காவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்துவிட்டது என்று அவள் வீட்டுக்காரர், மாமா, போன் செய்தார். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே பதுங்கி இருந்து, இத்தனை வருடம் கழித்து இப்படி வெளியே வருமாம், டாக்டர் சொன்னாராம். அம்மைக்கும் இரண்டாம் பாகம் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. மூன்றாம் பாகத்துக்கு இக்பாலோடு சேர்ந்து எடுத்திருந்த டிக்கெட்டை அவனிடமே விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். மருந்து மாத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், யார் வைத்ததோ, கட்டில் தலைமாட்டில் ஒரு கொத்து வேப்பிலை வாடிக் கிடந்தது. அக்கா ஒருக்களித்துப் படுத்து, நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றாள். கை தன்னையறியாமல் இடுப்புப் பக்கம் போய்ப் போய் வந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில், அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன் கவச வீரன் மூணாம் பாகம் வந்திருக்காமே, பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்துட்டேன்க்கா."

"எப்படி, மொத பாகம் மாதிரி இருக்கா?"

"அது மாதிரி எதுவும் வராதுக்கா" என்றேன். அவள் கையை இன்னொரு கையாலும் பொத்திக்கொண்டு, "ஆனா இதுல கவச வீரனுக்கு ஒரு அக்கா இருக்கா. கதையே அவதான்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளாமல் கண்ணை மூடி, "ம், சொல்லு" என்றாள்.