ஏறாத பதினோரு படிகள்

நான் எங்கள் ஊரான கிரேசிக்கை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை, மழைக்காலத்தின் நடுவில். நண்பகல் பேருந்தில் சுரபாயா, அங்கிருந்து வெளிநாட்டு வேலைக்கு விமானம். போகும் வழியில் உர ஆலைக்குள் நுழைந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். உள்ளே சாக் கஸ்து தூசித் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு, அதை மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தொட்டியின் அடிவாயில் சாம்பல் நிறக் கூழ் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டையெல்லாம் அதுதான்.

சாக் என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கஸ்து அந்த ஆலைக்கு மூட்டை தூக்க வந்தவர்; பதினாறு வருஷம் தூக்கினார். அந்தக் காலத்தில் சிந்திய உரத்தை விளக்குமாறால் கூட்டுவார்கள். இடுக்கில் தங்கியதைக் காற்றுக் குழாயால் ஊதிவிடுவார்கள்.

“ஊதினா தூசி போயிடுமா? என் மூக்குலேர்ந்து உன் மூக்குக்கு வரும், அவ்வளவுதான்” என்பார் கஸ்து.

பிறகு வேக்குவம் வந்தது. சுவருக்குப் பின்னால் பெரிய இயந்திரம், கூடம் முழுக்க ஓடும் இரும்புக் குழாய், அதில் பத்தடிக்கு ஒரு வாய். வாயில் ஹோஸைச் செருகினால் தரையில் கிடப்பதெல்லாம் தொட்டிக்குப் போய்விடும். பெருக்குகிற வேலைதானே என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். குழாயில் உள்ளங்கையை வைத்தே எங்கே அடைப்பு என்று சொல்வார். யூரியா ஓடினால் தகரத்தில் விழும் மழை மாதிரிக் கேட்குமாம். பாஸ்பேட் தூள் சத்தமே போடாதாம். ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு அவர் நடந்து வந்தால் பை தைக்கிற பெண்கள் விடமாட்டார்கள்.

“சாக், அந்தத் தும்பிக்கையை இந்தப் பக்கம் நீட்டாதீங்க, சட்டையைப் பிடிச்சு இழுக்குது.”

“உன் சட்டையில ஒட்டியிருக்கிற யூரியாவும் கம்பெனி சொத்துதான். நில்லு, எடுத்துக்கறேன்.”

கிழக்குக் கூடத்தில் யூரியா, மேற்கில் சூப்பர் பாஸ்பேட். இரண்டும் ஒரே தொட்டியில் சேரக் கூடாது. சேர்ந்தால் நீர் விட்டுக் கூழாகும், பிறகு இறுகிக் கல்லாகும். அதனால் கிழக்கை முடித்ததும் தொட்டியை லாரியில் கொட்ட வேண்டும். பிறகு பதிவேடு எழுதுகிறவர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, ‘காலி’ என்ற பக்கம் தெரியும்படி பலகையைத் திருப்ப வேண்டும். பதிவேடு எழுதியவள் நான்.

முந்தின நாள் புதன்கிழமை லாரி வந்தது, போனது. ஆனால் மழை ஈரத்தில் அடிவாய் அடைத்து, பாதி யூரியா மேலேயே நின்றுவிட்டது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. வாசலில் என் தோழிகள் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணிக்குப் பதினோரு படிகள். நான் தரையில் நின்றபடியே ஒரு கம்பால் பலகையைத் திருப்பினேன், கையெழுத்துப் போட்டேன், ஓடினேன். பலகையை நம்பி கஸ்து மேற்குக் கூடத்தை உறிஞ்சினார்.

வியாழன் காலை மேனேஜர் பாக் தர்சோனோ வந்தார்; பாக் என்றால் ஐயா. பின்னாலேயே இரண்டு ஷிப்ட் ஆட்களும் வந்து நின்றார்கள்.

“என்ன கஸ்து, கஞ்சிக் கடை போடறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்து சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“நிங், நீ ஏறிப் பாத்தல்ல?”

“பாத்தேன் சாக்.”

என் குரல் நடுங்கவே இல்லை. இன்றுவரை எனக்குக் கூசுவது அதுதான்.

“அப்போ நீதான் மறுபடி கிழக்குப் பக்கம் போயிருக்கே” என்றார் தர்சோனோ கஸ்துவிடம்.

“இல்ல பாக், நான்...” என்று ஆரம்பித்த கஸ்து நிறுத்திக்கொண்டார். என் முகத்தையும் முதுகில் தொங்கிய பையையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “சரி பாக். எங்கேயோ என் கை தவறிப்போச்சு.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “போற ஊர்ல தூசி இருந்தா சொல்லு நிங், ஹோஸோட வந்துடறேன்.” நானும் சிரித்தேன். பேருந்து நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மற்றதெல்லாம் தைக்கிற பெண்கள் தொலைபேசியில் சொன்னவை. கூழ் ஏறிக் கெட்டுப்போன இயந்திரத்தின் வடிகட்டிப் பைகளுக்கு மாற்று வர ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை கூடம் முழுவதும் விளக்குமாறுதான். இருமியவர்கள் எல்லோரும் இருமலுக்கு ஒரு தடவை அவரைத் திட்டினார்கள். இயந்திரம் திரும்ப ஓடியபோது ஹோஸை வேறொருவர் தோளில் மாட்டினார்கள். கஸ்துவின் கையில் விளக்குமாறு. கஸ்து என்ற பெயர் போய் ‘கஞ்சி’ நிலைத்துவிட்டது. சம்பள வரிசையில் நிற்கும்போதுகூட அதுதான் பெயர் என்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள்.

நான் ஆப்பிள் தோட்டத்தில் பழம் பறித்தேன், கப்பலில் பாத்திரம் கழுவினேன், ஓர் இடத்திலும் ஒரு வருஷம் தங்கவில்லை. இரண்டாம் வருஷம் ஒருநாள் நடந்ததையெல்லாம் எழுதி அவருக்கு அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு கோடுகள் நீலமாயின. பதில் இல்லை. பதில் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. நான் ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறேன். இன்னும் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது.

“நிங், நீ வந்தது தெரியும். மீன் மார்க்கெட்டைச் சுத்திக்கிட்டுப் போறதும் தெரியும். எனக்கு அந்தப் பேரு பழகிடுச்சு. இப்போ என் மக லஸ்தினி பை தைக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கா. முதல் நாளே அவளைக் கஞ்சி மகள்னு கூப்பிட்டிருக்காங்க. அழுதுகிட்டு வந்தா. அப்பா, நீ என்ன தப்பு பண்ணேன்னு கேக்குறா. நான் சொன்னா நம்ப மாட்டா. திங்கக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது எல்லாரும் கேட்டுல நிப்பாங்க. நீ வந்து சொல்லு.”